மங்கையர்க்கரசி போட்ட கோடுகள்

நந்தியின் காதில் ஒலிவாங்கி வைக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நந்தியைத் தவிர மற்ற எல்லோரிடமும் கருத்துக் கேட்டிருந்தார்கள்.

யோசனையைக் கொண்டுவந்தவர் சேஷகிரி. மெல்லொலி ஆய்வகம் என்ற நிறுவனத்தை நடத்துபவர். அவருடைய விசிட்டிங் கார்டில் 'ஸ்தாபகர், தொலைநோக்காளர்' என்று பொன்னிறத்தில் அச்சடித்திருக்கும். தூரத்தில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்.

கோயில் கமிட்டியில் அவர் ஒரு மணி நேரம் பேசியதன் சாரம் இவ்வளவுதான். தைராய்டு ஆபரேஷனில் நரம்பு பழுதானவர்கள், வகுப்பில் கத்திக் கத்தியே தொண்டை போன ஆசிரியர்கள் என்று பலருக்குக் கிசுகிசுக்க மட்டுமே முடிகிறது. அவர்கள் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு கிசுகிசுத்தால், அது முழுக் குரலாக வெளியே வரும். அப்படி ஒரு பட்டையை அவர் செய்யப்போகிறார். இயந்திரத்தைப் பழக்க ஏராளமான கிசுகிசுப்பு தேவை. காசு கொடுத்து வரவழைத்தால் அது நடிப்பாகிவிடும்; மனசிலிருந்து வரவேண்டும். பிரதோஷத்தன்று வரிசையில் நின்று, நந்தியின் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் வேண்டுதலைச் சொல்கிறார்களே, அதைவிட மனசிலிருந்து வருவது உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

பக்தர்களின் ரகசியம் என்னாவது என்று ஒரு அறங்காவலர் கேட்டார். சொற்களை இயந்திரமே உருவி எறிந்துவிடும், எங்களுக்கு வருவது மூச்சு மட்டுமே என்றார் சேஷகிரி. மூச்சுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பதால் அறங்காவலர் நிம்மதியாகக் காபியை எடுத்துக்கொண்டார். எள்ளளவு கருவி ஒன்று நந்தியின் காதோரம், வெள்ளிக் கவசத்துக்குப் பின்னால் உட்கார்ந்தது. 'பக்தர்கள் நலன் கருதி' என்று தொடங்கும் அறிவிப்பு, செருப்பு விடும் இடத்தின் பின்சுவரில், எறும்பு மட்டும் படிக்கக்கூடிய எழுத்தில் ஒட்டப்பட்டது.

அன்றிலிருந்து கைலாயத்துக்குப் போகவேண்டிய விண்ணப்பங்கள் சென்னையில் பெருங்குடிக்கு வந்து, லிப்ட் ஏறி, மூன்றாவது மாடியில் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த ஆறு பேரிடம் சேர்ந்தன. அவர்களில் ஒருவர் மங்கையர்க்கரசி.

மின்வாரியப் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுத்து ஓய்வு பெற்றவர். 'கரண்ட் எப்ப வரும்' என்ற ஒரே கேள்வியை ஆயுளில் பாதியைச் செலவிட்டுக் கேட்டவர். அதட்டலாக, அழுகையாக, போதையாக, ஆங்கிலத்தில், எப்படி வந்தாலும் அவர் குரலில் ஏறாமல் இறங்காமல் ஒரே பதில்தான்: "பதிவு பண்ணியாச்சு. பார்ப்பாங்க." கணவர் இறந்து வெகு காலமாகிவிட்டது. ஆதம்பாக்கத்தில் தனியாக இருந்தார். காதுகள் சும்மா இருக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்துவிட்டன, கூடவே அவரும் வந்தார்.

வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் ஹசீனா. ஒலியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். சேஷகிரி மேடையில் பேசுவதற்கெல்லாம் அறையில் உட்கார்ந்து பதில் கண்டுபிடிக்க வேண்டியவர் என்பதால் சிரிப்பு குறைவு.

"பேசும்போது தொண்டையில ரெண்டு சவ்வு அதிருது மேடம். வேகமா அதிர்ந்தா சுருதி ஏறும், மெதுவா அதிர்ந்தா இறங்கும். கிசுகிசுக்கும்போது அது அதிர்றதே இல்ல. வெறும் காத்து சீறிக்கிட்டுப் போகுது. அதனால சுருதின்னு ஒண்ணு அதுல கிடையாது" என்றார் ஹசீனா.

மங்கையர்க்கரசி ஹெட்போனைக் காட்டினார். "கிடையாதுங்கறீங்க. இந்த ஆள் கெஞ்சறது எனக்குக் கேக்குதே. ஏறுது, இறங்குது."

"அதுதான் வேடிக்கை. கிசுகிசுப்பா 'ஈ' சொல்லிப் பாருங்க. இப்ப 'ஊ'. 'ஈ' மேல நிக்கற மாதிரி இருக்குல்ல? வாயோட வடிவம் மாறுது, அவ்வளவுதான். கெஞ்சும்போது நாக்கு கொஞ்சம் நகரும், மூச்சு கூடக்குறைய வரும். இந்தத் துணுக்க வெச்சுக்கிட்டு மீதிய உங்க மூளையே போட்டு நிரப்பிக்குது. மெஷினுக்கு அப்படி நிரப்பத் தெரியாது. அதுக்குத்தான் நீங்க."

வேலை எளிது. மேசையில் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கும். கிசுகிசுப்பைக் கேட்டுக்கொண்டே, சுருதி ஏறுவதாகத் தோன்றினால் விரலை மேலே, இறங்குவதாகத் தோன்றினால் கீழே இழுக்க வேண்டும். ஆறு பேரும் ஒரே கிசுகிசுப்புக்கு ஆறு கோடு போடுவார்கள். யாருடைய கோடுகள் முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்கின்றனவோ, அவரை இயந்திரம் கூடுதலாக நம்பும். ஒரே மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பவர் சரியாகத்தான் சொல்வார் என்ற இந்த நம்பிக்கையை இயந்திரத்துக்கு ஊட்டியவர்களும் மனிதர்கள்தான்.

சொற்களை உருவும் வேலையை இயந்திரம் அரைகுறையாகத்தான் செய்தது. சில வாரங்களில் ஆறு பேருக்கும் பாதிப் பேச்சு புரிந்துவிட்டது. மக்கள் கடவுளிடம் கேட்பதில் பெரும்பகுதி இடமாற்ற உத்தரவு என்பதும், அடுத்தபடியாகப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இடமாற்ற உத்தரவு என்பதும் தெரிந்தன. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் சாப்பிடத் தொடங்கினார்கள்.

மங்கையர்க்கரசி சிரிக்கவே இல்லை. அவர் மகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

மகள் பெயர் தாரணி. கல்யாணமாகி ஓசூர்ப் பக்கம் போனவள். ஒருநாள் மத்தியானம் அந்த வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து, யாருக்கும் கேட்கக் கூடாதென்று கிசுகிசுப்பாகப் போன் பேசினாள். அம்மா வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொன்னாள். ஏனென்று சொல்லவில்லை. மங்கையர்க்கரசியும் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் இருப்பதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார், புகார்ப் பிரிவுக் குரலில். தாரணி 'சரிம்மா' என்று வைத்துவிட்டாள். அந்த வாரமே புருஷன் வீட்டைவிட்டு வெளியேறினாள். அம்மா வீட்டுக்கும் வரவில்லை. நம்பரை மாற்றிவிட்டாள். மங்கையர்க்கரசியின் தம்பி தாமோதரனுடன் மட்டும் எப்போதாவது பேசுவாள். அக்கா கேட்டால் கொடுக்கலாம் என்று அவர் நம்பரை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா ஒவ்வொரு முறையும் 'நல்லாருக்காளா' என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார். மகள்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவரே உறுப்பினர்.

ஆண்டுகள் போனதில் மகளின் குரல் மறக்க ஆரம்பித்தது. முகத்துக்குப் போட்டோ இருந்தது, குரலுக்கு எதுவும் இல்லை. கடைசியாகக் கேட்ட அந்தக் கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது. சமமாகப் போய், முடிகிற இடத்தில் லேசாக மேலே ஏறி, இறங்காமல் அப்படியே நின்றுவிடும். கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்த மாதிரி.

ஒரு பிரதோஷத்தின் பதிவில் அதே ஏற்றத்தைக் கேட்டார். சொல் இல்லை, மூச்சு மட்டும். விரல் தானாகக் கோட்டைப் போட்டு, முடிவில் மேலே தூக்கி நிறுத்தியது. பதிவை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு ஹசீனாவின் அறைக்குப் போய், இது யாரென்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். விதிப்படி முடியாது என்றார் ஹசீனா. மங்கையர்க்கரசி நாற்காலியில் உட்கார்ந்து காரணத்தைச் சொன்னார். ஹசீனா விதியைக் கொஞ்சநேரம் மேசை மேல் வைத்துவிட்டு, கோயில் கேமராவின் நேரத்தோடு பதிவின் நேரத்தைப் பொருத்திப் பார்த்தார்.

"ஒரு பையன். கூரியர் கம்பெனி சட்டை போட்டிருக்கான். மீசைகூடச் சரியா முளைக்கல" என்றார்.

"பொம்பளக் குரலாத்தான் கேட்டுச்சு."

"குரலே இல்லியே அதுல, மங்கைம்மா."

மேடம் அம்மாவான அன்று மங்கையர்க்கரசி மறுபடி இருக்கைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அடுத்த மூச்சிலும் மகளைக் கேட்டார். அதற்கடுத்ததிலும். ஒவ்வொன்றும் வேறு யாரோ என்பது இப்போது நன்றாகவே தெரியும். தெரிந்தும் விரல் ஒரே இடத்தில் ஏறி நின்றது. மற்ற ஐந்து பேரும் ஒருநாள் போல ஒருநாள் போடவில்லை. தூக்கம், பசி, பஸ் நெரிசல் எல்லாம் அவர்கள் கோட்டில் இருந்தன. மங்கையர்க்கரசியின் கோடுகள் மட்டும் அச்சில் வார்த்தது போல இருந்தன. இயந்திரம் அவரை நம்பியது. வருடக் கடைசியில் அவரை மட்டுமே நம்பியது. சேஷகிரி அவருக்கு ஒரு கேடயம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

பட்டை வெளியானது. அறிமுக விழாவில் லூர்து மேரி என்ற கணக்கு டீச்சரை மேடையேற்றினார்கள். குரல் போய் இரண்டு வருடமாகிறதாம். கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம், இந்த மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அரங்கத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். மைக்கைத் தள்ளி வைக்க மூன்று பேர் ஓடினார்கள். கடைசி வரிசையில் மங்கையர்க்கரசி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரலின் கனம் டீச்சருடையது. ஏற்ற இறக்கம் தாரணியுடையது.

பட்டை நன்றாக விற்றது. மாட்டிக்கொண்டவர்கள் எது சொன்னாலும் கேட்பவருக்கு நெஞ்சில் ஏதோ செய்தது. காய்காரர் கேட்காமலே கொத்தமல்லியை அள்ளிப் போட்டார். போக்குவரத்துக் காவலர் ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு, தானும் ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் செய்தார். சேஷகிரி இதற்குப் 'பரிவு அம்சம்' என்று பெயர் வைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லாத ஒரு கவுன்சிலர், சால்வைக்கு அடியில் பட்டையை மாட்டிக்கொண்டு வார்டில் குடிநீர் ஏன் வரவில்லை என்பதை விளக்கினார். மக்கள் அவருக்கே தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

மங்கையர்க்கரசிக்கு ஊர் நிறைய மகளாகிவிட்டது. பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து, மருந்துக்கடை வரிசையிலிருந்து, யாரோ சில்லறை கேட்கும்போது, யாரோ இந்தப் பஸ் தரமணி போகுமா என்னும்போது. இறங்கவேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் அவர்கள் பின்னாலேயே போன நாட்களும் உண்டு.

லூர்து மேரி பட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சேஷகிரி ஊரில் இல்லை. ஹசீனாவின் அறையில் உட்கார்ந்து, வெறும் கிசுகிசுப்பில், பட்டை இல்லாமலேயே பேசினார். வகுப்பில் உட்காருங்கடா என்றால் பசங்கள் பாவமாகப் பார்க்கிறார்களாம். தப்பான கணக்குக்குத் தப்பு என்றால், டீச்சர் அழாதீங்க என்கிறார்களாம். வீட்டுக்காரர் இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பாத்திரம் கழுவுகிறார். ஆனால் இவர் முகத்தைப் பார்த்து வாக்குவாதம் செய்வதை நிறுத்திவிட்டார்.

"நான் யார்கிட்டயும் கெஞ்சிப் பழக்கமில்லீங்க. எனக்குக் குரல் வேணும்னுதான் வந்தேன். யாரோட அழுகைய என் கழுத்துல மாட்டி விட்டீங்க?" என்றார்.

கதவோரம் கோப்புடன் நின்றிருந்த மங்கையர்க்கரசிக்கு அந்தக் கிசுகிசுப்பு தெளிவாகக் கேட்டது. அதில் கெஞ்சல் துளியும் இல்லை. முதன்முறையாக ஒரு மூச்சில் மகள் இல்லை.

டீச்சர் போனபின் அவரே ஹசீனாவிடம் சொன்னார், அது என் மகளுடைய பேச்சு, நான்தான் எல்லாவற்றிலும் அதைப் போட்டேன் என்று. ஹசீனா கோடுகளைத் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். ஆயிரக்கணக்கான மனிதர்களின் வேண்டுதல் ஒரே கோடாகத் தெரிந்தது. தன்னுடைய ஆறு வருடப் படிப்பு அதைக் கண்டுபிடிக்கவில்லையே என்று நொந்துகொண்டார்.

"உங்க கோட்டை எடுத்தாத்தான் சரியாகும். ஆனா அவரு எடுக்க விடமாட்டாரு, விக்குதுல்ல. ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. கோடு போட்டவங்களே தப்புன்னு எழுதிக் குடுத்தா எடுத்தே ஆகணும். நீங்க குடுத்தா உண்டு" என்றார் ஹசீனா.

"எடுத்துட்டா?"

"எல்லாப் பட்டையிலேருந்தும் போயிடும்."

ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு மங்கையர்க்கரசி வீட்டுக்குப் போனார். எழுதிக் கொடுத்துவிட்டால், உலகத்தில் எங்கேயும் தாரணி பேச மாட்டாள். தானும் ஒருநாள் மறந்துவிடுவார். யாரோ ஒரு டீச்சர் அதட்ட முடியாமல் போனால் போகட்டும் என்று நினைத்துப் பார்த்தார். அவர் மனசு நல்ல மனசு என்பதால் அந்த நினைப்பு காபி ஆறும் வரைதான் தாங்கியது. பிறகு தம்பிக்குப் போன் போட்டார். கோட்டை எடுப்பதற்கு முன் இன்னொரு ஆளும் மகளைக் கேட்டுவிட வேண்டும். இரண்டு பேர் ஞாபகத்தில் இருந்தால் அவ்வளவு சீக்கிரம் அழியாது. அறிமுக விழாவில் டீச்சர் பேசிய பதிவைப் போனருகே வைத்து ஒலிக்கவிட்டார்.

"குரல விடு தாமு. இழுவைய மட்டும் கேளு. யாரு ஞாபகம் வருது?"

தாமோதரன் மறுபடி போடச் சொன்னார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுல என்னக்கா புதிர். நீதான்."

"வெளையாடாத. தாரணி."

"தாரணி எங்க இப்பிடிப் பேசினா? கல்யாணமான புதுசுல திருச்சியிலேருந்து எஸ்டிடி பூத்ல அம்மாவுக்குப் பண்ணுவியே. நானும் ரிசீவர்ல காத ஒட்டிக்கிட்டு நிப்பேன். நாலு நாள் அங்க வந்து இருக்கட்டுமான்னு கேப்ப. கடைசில இதே மாதிரி தூக்கிட்டு நிறுத்திடுவ, அம்மா எதாவது சொல்வாங்கன்னு."

அம்மா என்ன சொன்னார் என்பது மங்கையர்க்கரசிக்கு நினைவிருந்தது. எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

"அவ அன்னிக்கு என்கிட்ட ரகசியமாத்தான்டா பேசினா. எனக்குக் கெஞ்சற மாதிரியே கேட்டுச்சு."

"அவ கெஞ்சலக்கா. என்கிட்ட சொல்லியிருக்கா. வர்றேன்னுதான் சொன்னாளாம். கேக்கல, சொன்னா. பொட்டிகூடக் கட்டி வெச்சிருந்தா."

கேட்கவில்லை, சொன்னாள். அந்த மூச்சில் சுருதி இருந்ததே இல்லை. தன்னுடையதை எடுத்து மகளுக்குப் போட்டு, அதையே இத்தனை வருடம் மகள் என்று வைத்திருந்திருக்கிறார். நந்தியிடம் வந்த கூரியர் பையனுக்கும், லூர்து மேரிக்கும், கவுன்சிலருக்கும் போட்டதும் அதுதான். சென்னை முழுக்க, எஸ்டிடி பூத்தில் நின்ற ஒரு பெண் அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப தாரணி எப்பிடித்தான் பேசுவா, தாமு?"

தாமோதரன் யோசித்தார். பேசிக் காட்டப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். "எனக்கு வரலக்கா."

"நான் பேசணும்னு சொல்றேன்னு சொல்லு அவகிட்ட" என்றார் மங்கையர்க்கரசி. கட்சி கலைந்தது.

மறுநாள் எழுதிக் கொடுத்தார். சேஷகிரி ஊர் திரும்பி, பரிவு அம்சம் இப்படி அநியாயமாகப் போனதற்கு ஒரு கூட்டம் போட்டு வருந்தினார். ஹசீனா வேறு வழி கண்டுபிடித்தார்: பட்டை மாட்டப்போகிறவர் தன் கிசுகிசுப்புக்குத் தானே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கொஞ்சம் சிரமம்தான், விற்பனையும் பாதியானது. கொத்தமல்லி பழையபடி கேட்டால்தான் கிடைத்தது. லூர்து மேரி வந்து உட்கார்ந்து, அடிக்கோலால் போட்டது போல நேராக நாலு கோடு இழுத்துவிட்டுப் போனார். அவர் வகுப்பில் இப்போது சத்தமே இல்லையாம். நந்தியின் காதிலிருக்கும் கருவியை எடுப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்பதாகக் கமிட்டி சொல்லியிருக்கிறது.

மங்கையர்க்கரசி வேலையை விட்டுவிட்டார். பஸ்ஸில் பட்டை போட்டவர்கள் பேசினால் இப்போது யார் யாரோ பேசுவதுதான் கேட்கிறது. அதிலும் ஒரு நிம்மதி இருந்தது. ஆனால் தாமோதரன் சொல்லி வாரங்கள் போயின. பதில் இல்லை. அவசரப்படுத்தாதே என்று தம்பிக்குச் சொல்லிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டார். மகள் பேச்சு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்ப்பதைக்கூட நிறுத்திக்கொண்டார். யோசித்தால் மறுபடி தன்னுடையதைப் போட்டுவிடுவோம் என்று பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் சமையலறை மேடைக்கு வந்த நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தார். அந்தப் பக்கம் பேச்சு இல்லை. யாரோ மூச்சை இழுத்தார்கள், விட்டார்கள். பேசலாமா வேண்டாமா என்று நிற்கும் மூச்சு. கோபமா, தயக்கமா, அழுகையா, அந்த மூச்சில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

மேடை மேல் ஆள்காட்டி விரல் தானாக நகர்ந்து மேலே ஏறப் பார்த்தது. மங்கையர்க்கரசி அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, அவள் பேசட்டும் என்று காத்திருந்தார்.